நல்ல செல்லுக்கு என்ன ஆயிற்று?

ஆசிரியருக்கு வணக்கம்.

'பாம்பு நஞ்சு புற்றுநோய் செல்களைக் கொல்கிறது' என்ற செய்தி ஆண்டுக்கு இரண்டு முறையாவது வந்துவிடுகிறது. நஞ்சு கொல்லாமல் என்ன செய்யும்? சோதனைத் தட்டின் பக்கத்துக் குழியில் வளர்ந்த நல்ல செல்கள் பிழைத்தனவா என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

சோதனை பெரும்பாலும் 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் நடக்கிறது. செல்களை வளர்த்து, நஞ்சைப் பல அளவுகளில் நீர்த்து விட்டு, மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு. ஏமாறுவது இங்கேதான். விரியன் நஞ்சுக்கு மஞ்சள் நிறம் தரும் எல்-அமினோ அமில ஆக்சிடேஸ் என்ற நொதி, வளர்ப்பு ஊடகத்தில் உள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். கொன்றது அந்தப் பெராக்சைடாக இருக்கலாம். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியைச் சேர்த்து மறுபடி செய்து பார்த்தால் குட்டு வெளிப்படும். நல்லபாம்பு நஞ்சிலுள்ள சைட்டோடாக்சின் என்ற புரதமோ செல் சவ்வையே குலைப்பது. இதயத் தசையையும் விடாது.

கொல்லாமல் தடுக்கும் வகைதான் எங்களுக்கு நம்பிக்கை தருவது. அமெரிக்கக் காப்பர்ஹெட் விரியனின் நஞ்சிலுள்ள கான்டோர்ட்ரோஸ்டாட்டின் என்ற புரதம், செல் ஒட்டிக்கொள்ள உதவும் இன்டெக்ரின் என்ற புரதங்களை அடைத்துவிடுகிறது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் மார்க்லண்ட் குழு எலிகளில் சோதித்தபோது கட்டி வளர்வதும் நுரையீரலுக்குப் பரவுவதும் குறைந்தன. நஞ்சில் அது மிகச் சொற்பம் என்பதால், அதே வகைப் புரதத்தைப் பாக்டீரியாவில் தயாரிக்கும் வழிக்குப் போனார்கள். ஆனால் எலி மனிதனல்ல. இன்டெக்ரினையே குறிவைத்த சிலெங்கிடைடு என்ற செயற்கை மருந்து, மூளைக் கட்டிக்கான மூன்றாம் கட்டச் சோதனையில் ஆயுளை நீட்டவில்லை. தென் அமெரிக்கக் கிலுகிலுப்பை விரியனின் குரோடாக்சின் என்ற நஞ்சுப் புரதம் புற்றுநோய்க்காக மனிதர்களிடமே சோதிக்கப்பட்டது. 2002-இல் வெளியான முதல் கட்ட முடிவில் பலருக்கு இரட்டைப் பார்வை.

பாம்பு நஞ்சைப் பார்த்து உருவாகிக் கடைக்கு வந்த மருந்துகள் உண்டு: ரத்த அழுத்தத்துக்கு 1981-இல் கேப்டோபிரில், மாரடைப்புச் சிகிச்சைக்கு 1998-இல் எப்டிஃபிபடைடு, டிரோஃபிபான். மூன்றும் ஆலையில் செய்யப்படுபவை; நஞ்சு ஒரு சொட்டும் இல்லை. புற்றுநோய்க்கு இதுவரை அப்படி ஒன்றும் வரவில்லை. நஞ்சுச் சொட்டு என்று யாராவது விற்றால், அதிலுள்ள புரதம் வயிற்றில் செரித்துப்போகும். ஊசியாகப் போட்டாலோ, கீமோவால் தட்டணுக்கள் குறைந்தவருக்கு ரத்தக்கசிவு ஆபத்து.

இனி இத்தகைய செய்தியோடு இரண்டு வரி சேர்த்து வெளியிடுங்கள்: சோதனை தட்டிலா, எலியிலா, மனிதரிடமா? நல்ல செல்லைக் கொல்ல எவ்வளவு நஞ்சு தேவைப்பட்டது?

இப்படிக்கு,
நச்சுயிரியல் ஆய்வாளர்கள் இருவர், சென்னை