நில வகைப்பாட்டை மாற்றக் கையெழுத்துப் போடும் அதிகாரிகளுக்கு

மதிப்பிற்குரிய நகரத் திட்டமிடல் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வயலோ சதுப்போ மேய்ச்சல் நிலமோ மனையாக மாறும்போது விலை எவ்வளவு ஏறும் என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. அதுவரை அந்த நிலம் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருந்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஒரே ஒரு மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 லட்சம் லிட்டர் தண்ணீர். வேரும் மண்புழு வளையும் ஓடிய பொலபொலப்பான மண் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். கான்கிரீட் போட்டுவிட்டால் ஏறக்குறைய அவ்வளவும், வழியில் கிடக்கிற எண்ணெயையும் டயர்த் துகளையும் அள்ளிக்கொண்டு, பள்ளத்தில் குடியிருப்பவர்களின் வாசலுக்குப் போகிறது. அப்புறம் வடிகால், மோட்டார், நிவாரணம் என்று செலவு செய்கிறோம். வெயிலுக்கும் இதே கதைதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். வளர்ந்த மரமொன்று வெயில் நாளில் நூறு லிட்டர் வரைகூட இலை வழியே வெளியே விடும். அத்தனை வெப்பமும் அந்தத் தெருவில் நிற்பவர்கள் மேல் விழாமல் போகிறது.

இதற்கெல்லாம் பணமதிப்பு போட முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். சூழலியல் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் கோஸ்டான்சா குழுவினர் 1997-இலேயே உலகின் சூழல் சேவைகளை, அதாவது இயற்கை இப்படிச் சம்பளமில்லாமல் செய்துதரும் வேலைகளை, ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2014-இல் மறுபடி கணக்குப் பார்த்தபோது, 1997-க்கும் 2011-க்கும் இடையில் நிலப் பயன்பாடு மாறியதால் வந்த இழப்பு மட்டும் ஆண்டுக்கு 4.3 முதல் 20.2 லட்சம் கோடி டாலர் வரை என்று தெரிந்தது.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஓர் அட்டவணையை எடுத்து, பரப்பளவால் பெருக்கி, "இங்கே 10 ஹெக்டேர் சதுப்பு போகிறது, ஊருக்கு வெளியே அதே மதிப்புக்கு மரம் நடுகிறோம், நஷ்டமில்லை" என்று அறிக்கை எழுதித் தந்தால் தயவுசெய்து அதை அப்படியே ஏற்காதீர்கள். மரம் காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கார்பன் எங்கே சேர்ந்தாலும் ஒன்றுதான், சரி. வெள்ளமும் அனலும் அப்படியில்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நட்ட மரம் இந்தத் தெருவுக்கு நிழல் தராது. நகரம் வளர வளர நடுவில் மிஞ்சிய சதுப்பை நம்பியிருக்கும் வீடுகளும் கூடுகின்றன, ஆகவே அதன் மதிப்பும் கூடுகிறது. அட்டவணையில் மட்டும் அது பழைய எண்ணிலேயே நிற்கிறது. துண்டு துண்டாக வெட்டிய நிலத்துக்கும் முழு நிலத்துக்கும் அதில் வித்தியாசமே கிடையாது.

அதனால் கேட்கிறேன்: அடுத்த கோப்பில் கையெழுத்துப் போடுமுன் அந்த நிலத்தின் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, அங்கே எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எழுதி வாங்குங்கள். ஈடு செய்வதாகச் சொன்னால் அதே நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் செய்யச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் அனுமதி தராதீர்கள்.

இப்படிக்கு,
பள்ளத்துப் பக்கம் குடியிருக்கும் ஒருவர்