தீபாவளிக்கு வராவிட்டால் பரவாயில்லை

அன்பு மகளுக்கு,

ஆய்வகத்தில் பீம், அதாவது துகள் கற்றை, ஓடும், அதனால் தீபாவளிக்கு வர முடியாது என்பதை இவ்வளவு இழுத்து இழுத்தா சொல்வது? அம்மா கொஞ்சம் முகம் வாடினாள், அவ்வளவுதான். சிங்கப்பூர் தேக்காவில் விளக்கு அலங்காரமும் நெரிசலும் அடுத்த வருஷமும் இருக்கும்.

வேலைக்காகப் பயணத்தை விட்டது நீ மட்டுமல்ல. 1956இல் இயற்பியலாளர் சியென் ஷியுங் வூ அம்மையார் கணவரோடு கப்பலில் ஜெனீவா போய், அப்படியே கிழக்காசியாவையும் சுற்றிவர டிக்கெட் எடுத்திருந்தார். கடைசியில் கணவரை மட்டும் அனுப்பிவிட்டு ஒரு பரிசோதனைக்காக அமெரிக்காவிலேயே நின்றுவிட்டார். கதிரியக்கக் கோபால்ட்-60ஐக் குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழிக்கு அருகே குளிரவைத்து, அதன் அணுக்கருக்களை ஒரே திசையில் சுழலவிட்டு, எலெக்ட்ரான் எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று பார்த்தார். இயற்கைக்கு இடம் வலம் பேதம் கிடையாது என்று பெரும்பணம் பந்தயம் கட்டத் தயாராக இருந்தார் இயற்பியலாளர் பௌலி. நல்லவேளை, கட்டவில்லை. பேதம் இருந்தது! சரி, இடம் வலத்தோடு கூடவே மின்னூட்டத்தையும் திருப்பிப் போட்டால் கணக்கு நேராகிவிடும் என்றார்கள். 1964இல் கேயான் என்ற துகளின் சிதைவில் அதுவும் உடைந்தது. காலத்தையும் சேர்த்து மூன்றையும் திருப்பும் சமச்சீர்மை ஒன்றுதான் இன்னும் நிற்கிறது.

அதைத்தான் நீங்கள் எதிர் ஹைட்ரஜனை, அதாவது ஹைட்ரஜனின் எதிர்ப்பொருள் அணுவை, வைத்து உரசிப் பார்க்கிறீர்கள். "மறுபடியும் ஹைட்ரஜன் மாதிரியேதான் இருக்கு, அப்பா" என்று நீ அலுத்துக்கொண்டது எனக்குச் சரியாகப் படவில்லை. எதிர் ஹைட்ரஜன் உறிஞ்சும் ஒளியின் அதிர்வெண் ஹைட்ரஜனுடையதோடு லட்சம் கோடியில் இரண்டு பங்கு துல்லியத்துக்கு ஒத்துப்போகிறது என்று செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு 2018இல் காட்டியது. 2023இல் அது புவியீர்ப்பில் மேலே போகவில்லை, கீழேதான் விழுகிறது என்றும் பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்த அளவீட்டில் பிழை வரம்பு இன்னும் பெரிது. அங்கே வேலை நிறைய மிச்சம் இருக்கிறது, நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்?

உடலுக்குள் படம் எடுக்கும் பெட் ஸ்கேனில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் வேறொரு வியப்பு. கதிரியக்க ஃப்ளோரின்-18இலிருந்து வரும் பாசிட்ரான், அதாவது எலெக்ட்ரானின் எதிர்த்துகள், உடனே எலெக்ட்ரானோடு சேர்ந்து அழிய வேண்டும். அழிந்தால்தான் எங்களுக்குப் படம். நீங்களோ அதே பாசிட்ரானை எதிர்ப்புரோட்டானோடு கோத்து, சுவரில் படாமல் காந்தப் பொறியில் தொங்கவிடுகிறீர்கள். 2011லேயே ஆயிரம் விநாடி வைத்திருந்தார்களாம். மாமா இதைக் கேட்டுவிட்டு, "வெடிக்காதா?" என்றார். ஒருசில அணுக்கள் ஒரு கொசுவைக்கூட அசைக்காது என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

அப்புறம், அந்த எதிர் ஹைட்ரஜன் அணுவை மேல்நிலைக்கு ஏற்ற 243 நானோமீட்டர் ஒளியில் ஏன் எதிரெதிர்த் திசையிலிருந்து இரண்டு ஃபோட்டான்கள் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் மெதுவாக, ஆரம்பத்திலிருந்து சொல். பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா