சிங்கப்பூர் கப்பல் பயணம் விற்கும் டிராவல்ஸ் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் குழுக்களை அனுப்பும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் அச்சடித்துத் தரும் பயணத் திட்டத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: "காலை உணவுக்குப் பின் ஹோட்டலைக் காலி செய்து சொகுசுக் கப்பலுக்குப் புறப்படுதல்." குழுக்கள் தங்கும் லிட்டில் இந்தியாவிலிருந்து கப்பல் முனையம் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. சாலை காலியாக இருந்தால் இருபது நிமிடம். அதனாலேயே ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள் போலிருக்கிறது. ஆனால் மொத்தப் பயணத்திலும் குழுக்கள் திணறிப்போவது இந்த இருபது நிமிடத்தில்தான்.

முதல் குழப்பம் இடத்தின் பெயர். சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு. ஹார்பர்ஃபிரன்ட்டில் இருப்பது 'சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர்'. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் ஃபெர்ரிகள் பலவும் அங்கிருந்து புறப்படும். பெரிய கப்பல்களுக்கு அங்கே கேபிள் கார் பாதை குறுக்கே வந்ததால் உயரம் இடித்தது. 2012இல் திறக்கப்பட்ட 'மரினா பே க்ரூஸ் சென்டர் சிங்கப்பூர்' அந்தச் சிக்கல் இல்லாத இடம். இன்று உங்கள் வாடிக்கையாளர்கள் ஏறும் பெரிய கப்பல்கள் அநேகமாக இங்கேதான் நிற்கும். "க்ரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னால் டாக்சி ஓட்டுநர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். "மரினா பே" என்று மட்டும் சொன்னால் மூன்று கோபுரம் நிற்கும் ஹோட்டல் வாசலில் இறக்கிவிடுவார். எழுத வேண்டிய முகவரி: 61, மரினா கோஸ்டல் டிரைவ், அஞ்சல் குறியீடு 018947. அந்த ஊரில் ஆறு இலக்கக் குறியீடு அந்தக் கட்டடத்தையே காட்டிவிடும். ஓட்டுநருக்கு அந்த எண் போதும். இருந்தாலும் பயணச்சீட்டில் எந்த முனையம் போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வண்டி. இதில்தான் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறோம்: ஆட்களை எண்ணி வண்டி பிடிக்காதீர்கள், பெட்டிகளை எண்ணிப் பிடியுங்கள். சாதாரண டாக்சியில் நான்கு பேர் ஏறலாம். ஆனால் டிக்கியில் பெரிய பெட்டி இரண்டும் கைப்பெட்டி ஒன்றிரண்டும்தான் அடங்கும். நான்கு பேர் நான்கு பெரிய பெட்டியோடு நின்றால் இரண்டு டாக்சி வேண்டும். பதின்மூன்று இருக்கை வேனும் அப்படித்தான். பின்னால் பெட்டி வைக்கத் தனி இடம் இருக்காது, கடைசி வரிசையைப் பெட்டிகளுக்கு விட்டுவிட்டு எட்டு, ஒன்பது பேரோடு கணக்கை நிறுத்துங்கள். நாற்பது பேர் குழுவுக்கு அடிவயிற்றில் சரக்கறை உள்ள பெரிய பேருந்துதான் சரி. விலை குறைவு என்று சரக்கறை இல்லாத சிறு பேருந்து இரண்டைப் பிடித்தால், நடைபாதை முழுக்கப் பெட்டி அடுக்கி ஆட்கள் ஏற வழியில்லாமல் போகும்.

அந்தப் பேருந்து ஹோட்டல் வாசலுக்கு வராது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். டன்லப் தெரு, அப்பர் டிக்சன் சாலை போன்ற இடங்களில் உள்ள ஹோட்டல்கள் பழைய கடைவீடுகள். தெரு குறுகல், லிஃப்டில் பெட்டியோடு இரண்டு மூன்று பேர்தான் நிற்க முடியும், பெட்டி தூக்க ஆள் இருக்காது. நாற்பது பேர் ஒரே லிஃப்டில் இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாடிவாரியாகக் கால் மணி இடைவெளியில் இறங்கச் சொன்னால் கூச்சல் குறையும். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியா நிரம்பி வழியும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் காவடிகள் போகும், சாலையின் ஒரு பகுதி அடைபடும். ஃபார்முலா 1 பந்தய வாரத்தில் மரினா பே சுற்றிலும் சாலை மூடல். அந்த நாட்களில் வழக்கமான நேரத்தோடு இன்னும் ஒரு மணி சேருங்கள்.

வாடகைக் கார் செயலியை நம்பும் சிறு குடும்பங்களுக்கு ஒரு விஷயம். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனியார் வாடகைக் காரில் தகுந்த குழந்தை இருக்கை கட்டாயம். இல்லையென்றால் ஓட்டுநர் ஏற்றமாட்டார். டாக்சிக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. கைக்குழந்தையோடு போகிறவர்களை டாக்சியில் அனுப்புங்கள்.

ஒருவர், இருவர், ஆளுக்கொரு சின்னப் பெட்டி என்றால் எம்ஆர்டி ரயிலே போதும். லிட்டில் இந்தியாவில் ஊதா வழித்தடத்தில் ஏறி, அடுத்த நிலையமான தோபி காட்டில் சிவப்புத் தடத்துக்கு மாறி, நான்காவது நிறுத்தமான மரினா சவுத் பியரில் இறங்க வேண்டும். அதற்கு முந்தைய நிலையத்தின் பெயர் மரினா பே, அங்கே இறங்கிவிட்டுக் கப்பலைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். தோபி காட்டில் தடம் மாற நீண்ட நடை இருக்கிறது. நகரும் படியில் பெட்டி ஏற்றாமல் லிஃப்டைத் தேடச் சொல்லுங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

நேரத்தைப் பற்றி. கப்பல் புறப்படும் நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். பயணிக்கு அது தேவையில்லை. தேவை, செக்-இன் முடியும் நேரம். பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே முடித்துவிடுவார்கள். பயணிகள் பட்டியலை ஒப்படைத்த பிறகு யாரையும் சேர்க்க முடியாது. ஹோட்டலோ பதினொன்று, பன்னிரண்டு மணிக்கே அறையைக் கேட்கும். நடுவில் உள்ள இடைவெளிக்கு பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பறையில் வைக்க முன்கூட்டியே பேசி, சாப்பாட்டை லிட்டில் இந்தியாவிலேயே முடித்துவிடுங்கள். முனையத்தில் அதிகக் கடைகள் கிடையாது.

முனையத்தில் இறங்கியதும் பெரிய பெட்டிகளை ஒப்படைக்க வேண்டும். அவை அறை வாசலுக்கு வரச் சில மணி நேரம் ஆகும், சில நாள் இரவாகிவிடும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒப்படைத்துவிட்டால், நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்குள் அதைத் தேடி எடுக்கும்வரை அந்தக் குடும்பம் இமிக்ரேஷன் தாண்ட முடியாது. பாஸ்போர்ட், சர்க்கரை மாத்திரை, இன்சுலின், பவர் பேங்க், கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி இவையெல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கப்பல் நிறுவனம் தரும் பெட்டிச் சீட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், அறை எண்ணும் வேண்டும். வெறும் தாள் கிழியும், மேலே ஒட்டுநாடா சுற்றுங்கள். விமானத்தில் ஒட்டிய பழைய சீட்டுகளை உரித்தெடுங்கள்.

நம்மவர்கள் கொண்டுவரும் மின்சார ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதுவும் கப்பலில் ஏறாது. கப்பலில் தீ பிடித்தால் ஓட இடமில்லை, அதனால் சூடேற்றும் கருவிகளைத் தடுக்கிறார்கள். வீட்டில் சமைத்த புளியோதரையையும் பெரும்பாலும் விடுவதில்லை. இதை சென்னையில், பெட்டி கட்டும் முன்பே சொல்லிவிட்டால் பாட்டிமார் முனையத்தில் கண்கலங்கி நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று, திரும்பி வரும்போது அது மறுபடியும் சிங்கப்பூர் நுழைவு. பலமுறை நுழையும் விசா வேண்டும். இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையையும் புதிதாக, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கடலில் இணையம் கிடைக்காமல் போகலாம் என்பதால், குறுகிய பயணமென்றால் ஏறும் முன்பே எது சாத்தியமோ அதை முடித்துவிடுங்கள்.

அடுத்த குழுவின் திட்டத்தில் அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக முனையத்தின் பெயரும் அஞ்சல் குறியீடும், வண்டியின் வகையும் எத்தனை பெட்டி ஏறும் என்பதும், லிஃப்டில் இறங்கத் தொடங்கும் நேரமும், செக்-இன் முடியும் நேரமும், பேருந்து நிற்கும் இடமும், ஓட்டுநரின் கைபேசி எண்ணும் இருக்கட்டும். அரைப் பக்கம் போதும், தமிழிலேயே அச்சடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூரில் உங்கள் குழுக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள்