பழைய படம் ஒன்று போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளூர் வரலாற்றுச் சங்கம் என்றால் ஓய்வு பெற்ற நாலு பேர் கூடிப் பேசும் இடம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு பழைய குழுப்படத்தை மேசையில் வைத்து, "இதில் இருப்பவர்கள் யார் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே தெருவில் இருந்தும் முகம் கொடுத்துப் பேசாத இருவர், "இது எங்கள் தாத்தா, பக்கத்தில் நிற்பவர் உங்கள் பெரியப்பா இல்லையா?" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பெயர்களைப் படத்தின் பின்புறம் மெல்லப் பென்சிலால் எழுதி வைப்பதும் (பேனா மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்), பெரியவர்கள் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்வதும் இளையவர்களின் வேலை. அப்புறம், புதிதாகக் குடிவந்தவர்களையும் கட்டாயம் அழைக்க வேண்டும். இன்றைக்கு அவர்கள் எடுக்கும் படங்களும் நாளைய ஆவணங்கள்தான்.

அமெரிக்காவில் 1791இல் தொடங்கிய மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம், குடும்பங்கள் மனமுவந்து கொடுத்த கடிதங்களாலும் நாட்குறிப்புகளாலும் வளர்ந்தது. இன்றும் இயங்குகிறது. நம் வீட்டுப் பரண்களிலும் அப்படி எத்தனையோ கிடக்கின்றன. பொது நூலகங்கள் மாதம் ஒரு மாலை இதற்கென இடம் ஒதுக்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்