டோலமைட் முதலில், நுண்ணுயிர் உரம் பிறகு

அன்பு நண்பா,

உன் கடிதமும் மண் பரிசோதனை அறிக்கையின் நகலும் கிடைத்தன. பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தி மகிழ்ச்சி தந்தது. இங்கும் அனைவரும் நலம். உன் கோத்தகிரித் தோட்டத்துக் கேரட் பாத்திகளின் கார அமில நிலை (pH) 4.6, அதாவது கடும் அமிலம் (7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும்), என்று பார்த்ததும், நீ கேட்டிருந்த நுண்ணுயிர் உரத்தைவிட இதைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் ஒரே புல்வெளியைப் பல பகுதிகளாகப் பிரித்து வெவ்வேறு உரமிட்டு வருகிறார்கள். ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் பெற்று, சுண்ணாம்பே காணாத பகுதிகளில் கார அமில நிலை 4-க்கும் கீழே இறங்கிவிட்டது. செத்த புல் மக்காமல் மண்ணின் மேல் மெத்தைபோல் படிந்து கிடக்கிறது. தழைச்சத்தை சோடியம் நைட்ரேட்டாகப் பெற்ற பகுதிகளுக்கு இந்தக் கதி நேரவில்லை. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேலையிலேயே அமிலம் பிறக்கிறது. அது சேரச் சேரப் பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஒடுங்கி, பூஞ்சைகளும் அமிலம் தாங்கும் சில வகைகளுமே மேலோங்குகின்றன. அந்நிலையத்தின் வேறொரு வயலில், கார அமில நிலை 4-லிருந்து 8-க்கு உயர்கையில் பாக்டீரியாக்களின் பன்மை ஏறத்தாழ இரு மடங்காவதை 2010-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஆகவே இந்த மண்ணுக்கு இப்போதே நீ கேட்ட பாஸ்போபாக்டீரியாவை (மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர் உரம்) வாங்கி இடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்தூள்) இட்டுக் கொத்திவிடு. தொழுவுரத்தை அதனோடு கலக்காமல் இடைவெளி விட்டு இடு, இல்லையேல் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். தொழுவுரத்தைக் குறைக்காதே, பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. ஆனால் உருளைக்கிழங்கு வைக்கும் பாத்தியில் டோலமைட்டை அளவோடு நிறுத்து, ஏனெனில் கிழங்கில் சொறி நோய் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸும் மண்வாழ் பாக்டீரியாதான், அதுவும் அமிலம் குறைந்தால் செழிக்கும்.

அடுத்த போகத்தில் பட்டாணி போடுவதாக எழுதியிருந்தாய், நல்ல முடிவு. அதற்குத் தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதே; மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் செடி வேர்முடிச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். பூக்கும் தருணத்தில் இரண்டொரு செடியைப் பக்குவமாகத் தோண்டி, முடிச்சை நகத்தால் கீறிப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சினுள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது; வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. எந்தப் பாத்தியில் எந்த நிறம் கண்டாய் என்று தவறாமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்