நான்கு தாள்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

ஞாயிறு மாலை எங்கள் பேச்சுவார்த்தைப் பயிற்சியில் மாணவர்களின் மூன்று நாட்டுக் குழுக்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருக்குக்கூட அன்று சொல்லவில்லை. சனிக்கிழமை இரவு அரங்கம் எப்படிக் கைவிட்டுப் போனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுதப்போவதில்லை.

அரங்கம் கைவிட்டுப் போனதும் வகுப்பறைகளைத் திறந்துகொடுத்த சக ஆசிரியர்கள், நாற்காலி சுமந்த முதலாண்டு மாணவர்கள், பெயர்ப் பலகைகளை நள்ளிரவில் மீண்டும் அச்சடித்துத் தந்த அலுவலக நண்பர், திட்டம் தலைகீழானபோதும் முகம் சுளிக்காமல் நடுவராக உட்கார்ந்த ஓய்வுபெற்ற தூதர் ஐயா, உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மற்றதெல்லாம் எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

எங்கள் பயிற்சியில் ஒரே ஆற்றைப் பங்கிடும் மூன்று கற்பனை நாடுகள்: மேல்நாடு, இடைநாடு, கடைமடை நாடு. ஒவ்வொரு குழுவுக்கும் மற்றவர் பார்க்காத ரகசியக் குறிப்பு உண்டு. பேச்சு முழுவதும் ஒரே வரைவின் மேல்தான் நடக்கும். 1978-இல் அமெரிக்க அதிபரின் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிட்டில், எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே சமரசம் பேசிய அமெரிக்கர்கள் கையாண்ட முறை இது. எகிப்தும் இஸ்ரேலும் ஆளுக்கொரு ஒப்பந்தம் எழுதி மோதவிடாமல், ஒரே வரைவை 13 நாட்களில் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். எங்கள் வரைவு வெள்ளைப் பலகையில் இருந்தது. ஒத்துக்கொள்ளாத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள், அதுவும் சிவப்பு மையில். அறைக்குள் கைபேசி கூடாது என்பது என் விதி என்பதால் அதை யாரும் படம் பிடிக்கவில்லை. விடிவதற்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பலகையை அழித்தாக வேண்டும். ஆளுக்கொரு குறிப்பு இருந்ததே என்று கேட்கலாம். மூன்று குழுக்களின் குறிப்புகளையும் பிறகு வைத்துப் பார்த்தேன், முக்கியமான இடங்களில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. யாரும் பொய் எழுதவில்லை. அவரவர் காதில் விழுந்ததை அவரவர் எழுதியிருந்தார்கள்.

அக்கா பலகையை அழிக்கும் முன் முழுவதையும் கையால் எழுதி எடுத்திருக்கிறார். பழைய தேர்வுத் தாள்களின் பின்பக்கம், நான்கு தாள்கள், ஓரத்தில் 1, 2, 3, 4 என்று எண். அவரிடம் இருந்தது ஒரே நீலப் பேனா. சிவப்பில் இருந்த சொற்களுக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு, முதல் தாளின் மேலே 'ரெண்டு கோடு போட்டது சிவப்பு' என்று எழுதியிருந்தார். அடித்துத் திருத்திய சொற்களையும் அடித்தபடியே எழுதியிருந்தார். காலையில் என் அறைக் கதவுக்கு அடியில் அந்தத் தாள்கள் கிடந்தன.

"இவ்வளவு அடிச்சு அடிச்சு எழுதியிருக்கீங்க சார், சும்மா அழிக்க மனசு வரல" என்றார்.

ஆறாம் பிரிவில் மட்டும் ஒரு சொல் இல்லை. 'வறட்சி மாதங்களில் மேல்நாடு ஒப்புக்கொண்ட நீரைத் திறந்துவிட' என்று எழுதி, பக்கத்தில் வெறும் கட்டம் போட்டிருந்தார். "அந்த இடத்துல யாரோ கை பட்டு கலைஞ்சிருந்துச்சு. தெரியாதத நான் எப்படி எழுதறது?"

அந்தக் கட்டத்தில் வரக்கூடியது 'வேண்டும்' அல்லது 'முயலும்'. இரண்டு நாள் சண்டையே அதற்குத்தான். 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் வளர்ந்த நாடுகளின் கடமையைச் சொல்லும் வரியில், கட்டாயத்தைக் குறித்த ஓர் ஆங்கிலத் துணைவினையை அதைவிட இளகிய ஒன்றாகக் கடைசி நேரத்தில் மாற்றிய பிறகுதான் அது நிறைவேறியது. இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஞாயிறு காலைதான் என் மாணவர்களின் முகத்தில் அதைப் பார்த்தேன். தாளை நடுவில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

மேல்நாட்டுக் குழுவின் தலைவிதான் முதலில் வாய் திறந்தாள். "நேத்து ராத்திரி நாங்க 'வேண்டும்'னுதான் ஒத்துக்கிட்டோம்" என்றாள். 'முயலும்' என்ற சொல்லை வாங்குவதுதான் அவளுடைய ரகசியக் குறிப்பில் முதல் இலக்கு. அதை வாங்கினால் மதிப்பெண் அவளுக்குத்தான். எதிரே கடைமடை நாட்டுப் பையன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், நீர்த்தேக்கச் செலவில் தன் பங்கை ஏற்கத் தயார் என்றான். இரண்டு நாளாக அவன் அசையாமல் இருந்த இடம் அது. மதியத்துக்குள் அடைப்புக்குறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

அவளைப் பேச வைத்தது அந்தக் கட்டம்தான் என்று நான் நம்புகிறேன். அக்கா ஊகித்து ஏதோ ஒரு சொல்லை எழுதியிருந்தால், அது யாருக்குச் சாதகமோ அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள். பல ஆண்டுகளாக நான் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்: எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே இறுக்கிப் பிடிப்பது, எப்போது எழுந்து வெளியே போவது என்று. எதிராளி சொன்னதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதிக்கொள்வதற்கு என் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

அடுத்த பருவத்திலிருந்து இருக்கும். இது என் வாக்கு. ஒரு குழு பேசத் தொடங்கும் முன், எதிர்க்குழுவின் கோரிக்கையைக் கையால் எழுதி அவர்களிடமே வாசித்துக் காட்ட வேண்டும். "சரி, நாங்க சொன்னது இதுதான்" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பதில். அந்த முதல் வகுப்புக்கு அக்காவை அழைத்திருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அக்கா, நான் தாள்களைத் திருப்பித் தர வந்தபோது, எழுத்துப் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளச் சொன்னீர்கள். இரண்டு இடங்களில் இருந்தது. மாணவர்களிடம் கேட்டுவிட்டேன். பலகையில் அந்த இரண்டு சொற்களையும் அவர்கள் அப்படித்தான் எழுதியிருந்தார்களாம்.

நன்றியுடன்,
உங்கள் பேச்சுவார்த்தைப் பயிற்சி ஆசிரியர்