இடது கையில் சுற்றிப் பார்

அன்புள்ள சிஷ்யைக்கு,

"மாஸ்டர், நான் இன்னும் ரெடி ஆகலை" என்று ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். வரும் ஞாயிறு குட்டிப் பிள்ளைகளின் சிலம்பம் பேட்சை எடுப்பது நீதான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு கதை இருக்கிறது. நேரில் சொன்னால் சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

வியாசர்பாடியில் ஆசானிடம் சேர்ந்தபோது எனக்கு 14 வயது. பல வாரம் வெறும் காலடிதான், அதாவது கால் வைக்கும் முறை மட்டும், கம்பு கிடையாது. அப்புறம் ஒருநாள் தரையிலிருந்து என் நெற்றிவரை அளந்து அவரே ஒரு கம்பு வெட்டிக் கொடுத்தார், தெருவே பார்க்கட்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு போனால் பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். பிறகு பத்து வருஷம், கம்பு சுற்றியபடியே காலடி வரிசை போடுகிற வீடு கட்டுதல், அப்புறம் மான் கொம்பு, சுருள்வாள் ஆயுதங்கள் என்று ஓடியது. எல்லாம் வந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

ஆசானுக்கு முட்டி வலி வந்தபோது "நீ எடுடா" என்றார். 20 பிள்ளைகள். எதிரே நின்று வலது கையில் சுற்றிக் காட்டினேன், அத்தனை பேரும் கண்ணாடி பார்த்த மாதிரி இடது கையில் சுற்றினார்கள்! சரி என்று முதுகைக் காட்டி நின்றேன், திரும்புவதற்குள் ஒருவன் கம்பு இன்னொருவன் கணுக்காலில். ஆக, எதிரே நின்றபடி நான்தான் இடது கையில் சுற்ற வேண்டும், காலடியும் மாற்றிப் போட வேண்டும். சுற்றினேன். கம்பு நழுவி என் காதிலேயே அடித்தது.

அன்றிலிருந்து விடியற்காலையில் மெரினா மணலில் தனியாக நின்று, முதல் நாள் பாடத்திலிருந்து இடது கையில் ஆரம்பித்தேன். வலது கை எதையெல்லாம் என்னிடம் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதுவரை கம்பு தரையில் தட்டுகிற பிள்ளையிடம் "நல்லா சுத்துடா" என்று மட்டும் கத்துவேன். முழங்கையால் தள்ளாதே, பிடியைத் தளர்த்தி மணிக்கட்டைத் திருப்பு என்று சொல்ல அதன் பிறகுதான் வாய் வந்தது. உனக்கும் இடது கை இன்னும் வரவில்லை, பார்த்தேன். பரவாயில்லை, பிள்ளைகள் வரவைத்துவிடுவார்கள்.

பெற்றோர் முதலில் சர்டிபிகேட்தான் கேட்பார்கள். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது, 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாகவும் வந்தது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், கம்பு தூக்கினால் ரவுடி என்று பார்த்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஆறு வயசுப் பிள்ளையை மூன்று மாதத்தில் போட்டிக்கு அனுப்பச் சொன்னால் "காலடி முடியட்டும்" என்று சொல்லிவிடு. கோபப்பட்டால் என் நம்பரைக் கொடு.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து குட்டிக் கம்புகளை எடுத்துக்கொள். இரண்டு பிளந்திருக்கின்றன, கையில் சிலாம்பு ஏறும், அவற்றைத் தனியே வைத்துவிடு. ஞாயிறு நான் மைதானத்துக்குள் வர மாட்டேன், வந்தால் பிள்ளைகள் என்னைத்தான் பார்க்கும். எதிர் டீக்கடையில் இருப்பேன்.